நடுப்பகலில் எரிந்த குண்டு பல்பு

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஒரு மார்கழி மாதத்தில், கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. மண்டபம் என்றதும் மேடை, நாதஸ்வரம் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே பந்தி போடும் கூடம் இருக்குமே, அங்கே. மார்கழியில் கல்யாணம் கிடையாது, கூடம் சும்மா கிடந்தது, அதனால் எனக்குக் கிடைத்தது. அங்கேதான் மூன்று நாள் என் படங்களை மாட்டி வைத்திருந்தார்கள்.

நான் பெரிய ஓவியன் ஒன்றும் இல்லை. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன். மின்சார சுவிட்சுகளை உள்ளே வைக்கும் இரும்புப் பெட்டிகள் செய்கிற கம்பெனி. பெட்டிக்குப் பெயின்ட் அடித்து, சூட்டில் காய வைத்து வெளியே தள்ளுவார்கள். அங்கே நான் உட்கார்ந்திருப்பேன். பெயின்டில் ஊசிமுனை அளவு ஓட்டை, ஒட்டிக்கொண்ட ஒரு தூசி, கொஞ்சம் வழிசல், எது இருந்தாலும் கண்டுபிடித்தாக வேண்டும். குறையில்லாத பெட்டிக்குப் பச்சைச் சீட்டு ஒட்டுவேன். தேறவே தேறாது என்றால் சிவப்பு. கொஞ்சம் சுரண்டித் திரும்ப அடித்தால் சரியாகிவிடும் என்றால் மஞ்சள் சீட்டு. அதற்கு ரீவொர்க் என்று பெயர். முப்பது வருடத்துக்கு மேல் இதுதான் பிழைப்பு. என் கண்ணுக்குத் தப்பி ஒரு பெட்டி வெளியே போனதில்லை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. கம்பெனியில் பூதக்கண்ணாடி என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு நான் கோபப்பட்டதே இல்லை, உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

வீட்டுக்கு வந்தாலும் அதே கண்தான். காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தால் பொறுக்காது. பகலில் எங்காவது லைட் எரிந்தால் ஆகவே ஆகாது. எழுந்து போய் அணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. "இந்த ஆளு பொறந்ததே சுவிட்ச அணைக்கத்தான்" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் நான் படம் வரைகிற நாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்னால், தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். எங்கே இறங்குகிறேனோ அங்கே ஒரு ஓரமாக உட்கார்ந்து கண்ணில் பட்டதை வரைவேன். வரைந்ததை யாராவது ஆசையாகப் பார்த்தால் கொடுத்துவிடுவேன். அப்படிக் கொடுத்த படங்கள் எத்தனையோ.

ஓய்வு பெறுகிற வருடம், கூட வேலை பார்த்தவர்கள் உனக்கு என்னய்யா வேண்டும் என்று கேட்டார்கள். சால்வை, கடிகாரம் எல்லாம் வேண்டாம், என் படங்களை ஒரு தடவை வரிசையாக மாட்டி எனக்கே காட்டுங்கள் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர்கள் நிஜமாகவே மண்டபம் பிடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கனவில் நடக்கிற மாதிரிதான் இருந்தேன். எங்கெங்கோ கொடுத்த படங்களைத் தேடித் தேடிப் போய்க் கடன் வாங்கி வந்தேன். திருவாலங்காட்டில் ஒரு வீட்டில் என் படம் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. மணவாள நகரில் ஒரு சலூனில் கண்ணாடிக்கு மேலே மாட்டி, மாலை கூடப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் கையில் வாங்கும்போது அந்தப் படத்துக்குள் இருக்கும் வெயில் என் முதுகில் சுட்டது. அந்த வயசு, அந்தப் பசி, அந்த பஸ்ஸின் டீசல் வாசனை எல்லாம் வந்து போகும். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் படத்தை வைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தை இரண்டு தடவை விட்டிருக்கிறேன்.

ஆனால் வீட்டுக்குக் கொண்டு வந்து மாடி அறையில் சாய்த்து வைத்ததும் பூதக்கண்ணாடி விழித்துக்கொள்ளும். இந்த மாட்டுக்குக் கால் நீளம். இந்த மேகம் பஞ்சு மூட்டை. கம்பெனியிலிருந்து மிச்சம் கொண்டு வந்த சீட்டுகளை எடுத்து ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒட்ட ஆரம்பித்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு. கல்யாணமான புதிதில் என் மனைவியை வரைந்த படத்துக்கு, ஒரு காது மேலே ஏறியிருக்கிறது என்று சிவப்புச் சீட்டு ஒட்டினேன். அவள் அதைப் பிய்த்து என் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று அப்படியே கடைக்கும் போய் வந்திருக்கிறேன்.

இனி பழவேற்காட்டுப் படத்துக்கு வருகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பொன்னேரியில் பஸ் மாறிப் பழவேற்காடு போய், கடைத்தெருவில் ஒரு கடைக்கு எதிரே குந்தினேன். வலை, கயிறு, மிதவை, படகுச் சாமான் விற்கிற கடை. அகலம் கம்மி, உள்ளே நீளம் ஜாஸ்தி. வாசலில் நீலக் கயிற்றுச் சுருள்களும் பச்சை வலைகளும் தொங்கின. ஏரிக் காற்றில் அந்த வலைகள் மெதுவாக அசையும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் போவது தெரியாது. கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், வெள்ளைக் கைலி, வெள்ளைத் தொப்பி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"வெயில்ல குந்திக்கினு இன்னாத்த தம்பி வரையற? இப்டி நெழலுக்கு வா."

கடையைத்தான் வரைகிறேன் என்றேன். ஒரு ஸ்டூலைக் கொடுத்தார். டீ வரவழைத்தார். பிறகு, "என்னியப் போட்டுறாத தம்பி. தொழுவுற ஊடு, ஆளு படம் மாட்ட மாட்டோம். கடைய மட்டும் போடு. நான் உள்ள இருக்கறேன்னு வெச்சிக்க" என்று சிரித்தார்.

மூன்று ஞாயிறு போனேன். மதியம் பாங்கு சொன்னதும் அவர் தொழப் போவார். கடையைச் சாத்த மாட்டார், வாசலில் குறுக்கே ஒரு கழியை வைத்துவிட்டுப் போவார். அந்தக் கழியைத் தாண்டி ஒருத்தரும் உள்ளே போனதில்லை. மூன்றாவது ஞாயிறு படம் முடிந்தது. அவரிடமே கொடுத்துவிட்டேன். இரண்டு கையாலும் வாங்கி, தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் காட்டினார். அதற்குப் பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

முப்பத்திரண்டு வருடம் கழித்து விசாரித்துக்கொண்டு போனேன். அந்தக் கடை இப்போது செல்போன் கடை. பாய் இறந்து பத்து வருடம் ஆகிவிட்டது என்றார்கள். வீட்டை யாரோ காட்டினார்கள். அவருடைய மனைவி இருந்தார், எழுபது வயது இருக்கும். ஊருக்குள்ளேயே கட்டிக்கொடுத்த மகளும் வந்திருந்தார். முன்னறையில், அடுப்படியிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற சுவரில், என் படம் இருந்தது. துளித் தூசி இல்லை.

நான்தான் அதை வரைந்தவன் என்றதும் அந்தம்மா முகம் மலர்ந்துவிட்டது. "பெயின்டர் தம்பியா? அவங்க உங்களப் பத்தி சொல்லாத நாளில்ல" என்றார். கண்காட்சிக்கு ஒரு மாதம் படம் வேண்டும் என்று கேட்டதும் அந்த முகம் கொஞ்சம் வாடியது. சுவரைப் பார்த்தார்.

"ஒரு மாசமா?" என்று கேட்டார். பிறகு, "கண்டிப்பா எடுத்துனு வந்துடுவீங்கல்ல?" என்றார்.

மகள்தான், "பத்தரமா குடுத்துடுவாரு உம்மா" என்று சமாதானம் சொல்லிக் கழற்றிக் கொடுத்தார். நீலப்பூ போட்ட ஒரு பெட்ஷீட்டை எடுத்து அந்தம்மாவே அதைச் சுற்றினார். குழந்தைக்குப் போர்த்துவதைப் போல இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்துவிட்டார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போதும் அவர் அந்த வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வயசானவர்களுக்குப் பழகிய பொருள்மேல் பாசம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாடி அறையில் அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நல்ல படம், நானே சொல்லக்கூடாது. வலைகளில் காற்று இருந்தது. தெருவில் உச்சிவெயில், தூண் நிழல் தூணுக்கு அடியிலேயே கிடக்கிறது. எல்லாம் சரி. ஆனால் கடைக்குள்ளே, ஆழத்தில், ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மஞ்சள் பெயின்டைக் குழாயிலிருந்து அப்படியே பிதுக்கி அப்பியிருந்தேன். நடுப்பகலில் எவனாவது கடையில் லைட் போடுவானா? அப்படியே போட்டாலும் அந்த வெயிலில் இவ்வளவு தெரியுமா? வருகிறவர்கள் பார்த்தால் வெளிச்சத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் வரைந்தது என்று சொல்ல மாட்டார்களா? ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தேன். 'பகலில் லைட். தப்பு. ரீவொர்க்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பின்னால் ஒட்டினேன்.

அந்த ஞாயிறு மதியமே பிளேடால் மஞ்சளைச் சுரண்டினேன். காய்ந்து கல்லாகியிருந்தது, பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த இடத்தில் பழுப்பும் சாம்பலும் கலந்து அடித்து, எரியாத பல்பு ஒன்றை மங்கலாகக் காட்டினேன். சுற்றியிருந்த கயிற்றுச் சுருள்களில் விழுந்திருந்த மஞ்சள் ஒளியையும் மூடினேன். இரண்டு மணி நேரம். முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், அடடா, இப்போதுதான் நிஜமான மதியம் என்று தோன்றியது. ரொம்பத் திருப்தி.

டீ கொண்டு வந்த மனைவி பார்த்துவிட்டாள். "அவங்களக் கேட்டீங்களா?"

"என் படத்துக்கு நான் யாரைக் கேக்கணும்?"

"குடுத்துட்ட படம் எப்டிங்க உங்க படமாவும்?"

உனக்கு இதெல்லாம் தெரியாது, போ என்றேன். அவள் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். மஞ்சள் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைச் சீட்டும் ஒட்டினேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம். மாட்டி முடித்துவிட்டு நண்பர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பந்திக் கூடத்தில் நான் மட்டும். எத்தனையோ கல்யாணத்து சாம்பார் வாசனை அந்தச் சுவரிலேயே தங்கியிருந்தது. மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. சன்னல் வழியாக வந்த மார்கழி வெயில் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. நான் அதன் பின்னாலேயே நடந்தேன்.

அந்த நடையை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சுவரில் இருந்தது படங்களே இல்லை, என் ஞாயிற்றுக்கிழமைகள். இதோ எனக்கு இருபத்தைந்து, ஆரம்பாக்கம் பக்கத்தில் ஒரு வரப்பில் குந்தியிருக்கிறேன், மோர் கொடுத்தவர் "இன்னா நைனா, எந்த ஊரு" என்கிறார். இதோ முப்பது, பெரியவள் பிறந்த வாரம், ஆஸ்பத்திரி சன்னலில் தெரிந்த வேப்பமரம். இதோ நாற்பது, தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளுக்கு மேலே சாயங்காலம். எங்கோ ரயில் ஒன்று கூவிவிட்டுப் போனது. அது இன்றைக்கு ஓடும் ரயிலா, படத்துக்குள் இருக்கும் ரயிலா என்று ஒரு நிமிஷம் குழம்பினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை, யார் பார்க்கப் போகிறார்கள்.

பழவேற்காட்டுக் கடைக்கு முன்னால் வந்ததும் மட்டும் கால் நின்றது. எல்லாப் படமும் என்னை உள்ளே வா என்றது, இது கூப்பிடவில்லை. வலை அசைகிறது, வெயில் அடிக்கிறது, ஆனால் கடை பூட்டிக் கிடப்பதைப் போல ஒரு உணர்ச்சி. மாட்டிய உயரம் சரியில்லை போலிருக்கிறது என்று இரண்டு விரற்கடை இறக்கி மாட்டினேன்.

இரண்டாம் நாள் மதியம் அந்தம்மா மகளோடு வந்தார். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில். வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராதவர், இதற்காகவே கிளம்பியிருக்கிறார். நான் ஓடிப்போய் நாற்காலி போட்டேன். உட்கார மாட்டேன் என்றார். "முதல்ல நம்ம படத்தப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு சுவரோரமாக நடக்க ஆரம்பித்தார். யாரோ என்னைப் பிடித்துப் பேச்சுக் கொடுத்தார்கள். பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரு சுற்று முழுக்க நடந்தார். மறுபடியும் முதலிலிருந்து நடந்தார். பழவேற்காட்டுப் படத்தை இரண்டு தடவையும் தாண்டிப் போனார்.

என்னிடம் வந்து, "தம்பி, நம்ம படம் எங்க?" என்று கேட்டார்.

மகள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினார். "இதான் உம்மா."

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். "இது இல்ல. நம்ம படத்துல லைட்டு எரியும்" என்றார்.

நான் அப்போதும் உணரவில்லை, பாருங்கள். சிரித்துக்கொண்டே முன்னால் வந்து, அம்மா, அது ஒரு சின்னத் தப்பு, உச்சிவெயிலில் லைட் தெரியாது, அப்போது எனக்குத் தெரியவில்லை, இப்போது சரி பண்ணிவிட்டேன் என்று விளக்கம் வேறு சொன்னேன். மகளுடைய முகம் மாறிவிட்டது.

"யாரு சார் உங்கள சரி பண்ணச் சொன்னது?" என்றார். சத்தமாகப் பேசவில்லை. "எங்க கடை ஆழம், பகல்லயும் இருட்டு. வாப்பா உள்ள குந்திக்கினு இருந்தா லைட்டப் போட்டு வெச்சிருப்பாங்க. தொழுவப் போனா, சாப்ட வந்தா, அணைச்சிட்டு கழியப் போட்டுட்டு வருவாங்க. தெருவுக்கே தெரியும். லைட்டு எரிஞ்சா பாய் இருக்காரு. அணைஞ்சிருந்தா இல்ல."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தத் தெரு வந்துவிட்டது. ஸ்டூல் வந்துவிட்டது. பாங்கு சொன்னதும் உள்ளே லைட் அணையும், நான் பிரஷ்ஷைக் கீழே வைப்பேன், டீக்கடைக்குப் போவேன். திரும்பி வந்து, உள்ளே லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பேன். மூன்று ஞாயிறு அதைப் பார்த்துத்தான் வரைந்தேன். ஆளைப் போடாதே, நான் உள்ளே இருக்கிறேன் என்று வைத்துக்கொள் என்று அவர் சொன்னதற்காகத்தான் அந்த மஞ்சளைக் குழாயோடு பிதுக்கினேன். அது தப்பே இல்லை. இருபத்தாறு வயசுப் பையன் கண்ணால் பார்த்ததைப் போட்டிருந்தான். ஐம்பத்தெட்டு வயசுக்காரன் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, பார்க்காமலே அதைத் திருத்திவிட்டான்.

"வாப்பா மவுத்தான பின்னாடி இவங்க அழுவவே இல்ல சார்" என்றார் மகள். "அடுப்படில இருந்துக்கினே அந்தப் படத்தப் பாப்பாங்க. லைட்டு எரியுது, அவங்க கடையிலதான் இருக்காங்கன்னு சொல்லுவாங்க. பத்து வருஷமா அப்டிதான் ஓடிக்கினு இருக்குது." அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று சொல்வார்களே, அன்றைக்கு நிஜமாகவே அப்படி நினைத்தேன். என் பெயின்ட் பெட்டி மேஜைக்கு அடியில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். அம்மா, இங்கேயே, இப்போதே போட்டுத் தருகிறேன் என்று மஞ்சள் குழாயைத் திறந்தேன். வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிரஷ்ஷை மஞ்சளில் தோய்த்துப் படத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். மஞ்சள் இருக்கிறது, பல்பு எங்கே இருந்தது என்றும் தெரியும். ஆனால் அது அவர் போட்ட லைட், நான் அவர் இருக்கும்போது பார்த்து வரைந்த லைட். சுரண்டிய பொடியை அன்றே கூட்டிக் குப்பையில் போட்டாயிற்று. இப்போது நான் எதைப் போட்டாலும் அது வேறு பல்புதானே.

அந்தம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சன்னலிலிருந்து நகர்ந்து வந்து படத்தின்மேல் விழுந்தது. வலைகள் ஒரு தடவை அசைந்த மாதிரி இருந்தது.

"வேணாம் தம்பி" என்றார். "பாங்கு சொல்லி நேரமாச்சே. லைட்ட அணைச்சிட்டுப் போயி தொழுதுட்டுக் கெளம்பி இருப்பாங்க. ஊட்டுக்குதான் வந்துக்கினு இருப்பாங்க."

பிறகு மகள் பக்கம் திரும்பி, "வா, போலாம். வர்ற நேரத்துல ஊட்ல ஆளு இருக்க வேணாமா?" என்றார்.

இன்னும் ஒரு நாள் கண்காட்சி பாக்கி இருந்தது, அதையெல்லாம் யார் நினைத்தார்கள். படத்தைக் கழற்றினேன். நீலப்பூ பெட்ஷீட்டைக் கொண்டு வந்தேன். சுற்றுவதற்காகத் திருப்பிப் பிடித்தபோது மகள் பின்னால் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்துவிட்டார். "இது இன்னா சார்?" என்றார்.

எங்கள் கம்பெனியில் தப்பு இருந்தால் ஒட்டுகிற சீட்டு என்றேன். நான் எழுதியிருந்ததை அவர் ஒருமுறை படித்தார். "யாரு தப்பு?" என்று கேட்டார். நகத்தால் இரண்டு சீட்டையும் உரித்து எடுத்தேன். மஞ்சள் மட்டும் பாதியில் கிழிந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. விடுங்க சார் என்று சொல்லிவிட்டு அவர் பெட்ஷீட்டை மூடினார். ரயில் நிலையம் வரை நானே தூக்கிக்கொண்டு போனேன். வண்டி வந்ததும் அந்தம்மா சன்னலோரம் உட்கார்ந்து படத்தை மடியில் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வண்டி மெதுவாக நகர்ந்து மார்கழி மதியத்துக்குள் போய்விட்டது.

மண்டபத்துக்குத் திரும்பினால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வேறு படம் மாட்டலாமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். மறுநாள் ஒருத்தர் இங்கே என்ன படம் இருந்தது என்று விசாரித்தார். ஒரு கடை, கடைக்காரர் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார். பாக்கிப் படங்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாகத் திருப்பி எல்லாச் சீட்டையும் பிய்த்தேன். மாட்டின் கால் நீளமாகவே இருக்கட்டும்.

அந்தம்மா அன்று சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காகவா, தன்னைத் தேற்றிக்கொள்வதற்காகவா, நிஜமாகவே அப்படித்தான் பார்த்தாரா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. என் மனைவியிடம் கேட்டேன். "இன்னாவா இருந்தா இன்னா, அந்தப் பொம்பளைக்கு இருக்கற மனசு உங்களுக்கு இருந்துச்சா?" என்றாள்.

போய்ப் பார்க்கிற தைரியம் வர இரண்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிறு மதியம் பழவேற்காடு போனேன். கதவு திறந்திருந்தது. படம் அதே சுவரில், அதே ஆணியில். நடுப்பகல், முன்னறையில் நல்ல வெளிச்சம். ஆனால் மேலே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. பழக்க தோஷம், என் கை தானாக சுவிட்ச் பக்கம் போனது. விரல் பட்டதும்தான் மகள் சொன்னது எனக்கு உறைத்தது. கையை இறக்கிக்கொண்டேன்.

அடுப்படியிலிருந்து அந்தம்மா எட்டிப் பார்த்தார். "உள்ள வாங்க தம்பி, சாப்ட்டுதான் போவணும்" என்றார். சோறும் மீன் குழம்பும் போட்டார், இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் பகலில் எங்கே ஒரு லைட் எரிவதைப் பார்த்தாலும், அணைப்பதற்கு முன்னால், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்க்கிறேன்.